நரைத்த தலையும் படித்த தலையும்

(அட்டனில் தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவியரும் இளைஞரும் கூடிய பயிற்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நம்மை இங்கு அழைத்தவர்கள் "முதியோர் அறிவும் இளையோர் அறிவும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கண்டவுடன் இஃதென்ன பட்டிமன்றமோ என்று நாம் ஐயுற்றோம். விசாரித்தபோதுதான் காரணம் புலனாயிற்று. சென்ற மாதம் நடந்த கூட்டத்தில் வீட்டுக் காணி பற்றிய பேச்சு எழுந்ததாம். ஓர் இளைஞர் எழுந்து, "பெரியவர்களுக்கு விவரம் தெரியாது, அவர்கள் பேசாமல் இருந்தாலே போதும்" என்றாராம். உடனே ஒரு பெரியவர், "நீ ஒரு நாளாவது பிரட்டில் வந்து நின்றிருக்கிறாயா?" என்று கேட்டாராம். அத்தோடு கூட்டம் கலைந்தது. காணி பற்றிய தீர்மானம் எழுதப்படவே இல்லை. யாருக்கு நட்டம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புக்காத்துமாரிடம் இத்தகைய பிணக்கைக் கொண்டுவந்தால் இரு தரப்பிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு இருவரையும் நடுவழியில் நிறுத்திவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இன்று கட்டணம் இல்லை. ஆகையால் அந்த அச்சம் வேண்டாம். தீர்ப்புக் கூறவும் நாம் வரவில்லை. ஆனால் சாட்சி சொன்ன இருவரையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவது தொழிலுக்கு அழகன்று. அதைச் செய்வோம்.

இளைஞர் சொன்னது "விவரம்" என்னும் சொல். பெரியவர் சொன்னது "பிரட்டு" என்னும் சொல். இவ்விரண்டு சொற்களிலும் இரண்டு தலைமுறைகள் அறிவை அளக்கும் அளவுகோல்கள் கிடக்கின்றன. விவரம் என்றால் சட்டம், வர்த்தமானி, இலக்கம், திகதி, கையொப்பம். பிரட்டு என்றால் விடியற்காலைப் பனியில் கூடையோடும் மட்டக்கம்போடும் நின்று, கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு அரைப்பேரா முழுப்பேரா என்று கண்டுகொள்வது. முன்னது படித்து வருவது; பின்னது பட்டு வருவது. இரண்டில் எது மேல் என்று கேட்பதைக் காட்டிலும், பின்னது எப்படி வந்தது என்று முதலில் கேட்போம். ஏனெனில் இளைஞர்கள் அதை அறியாமலே இகழ்கிறார்கள். பெரியவர்களோ அதை மறந்துவிட்டே புகழ்கிறார்கள்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் புத்திமதி யாது? "பொறுத்துப் போ." இளைஞர்களின் காதுக்கு இஃது அடிமையின் வாக்காகக் கேட்கிறது. இந்த வாக்கு பிறந்த காலத்தின் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளி குற்றவாளி. அவனைச் சிறைக்கு அனுப்பலாம். கடன் கொடுத்தவன் கடன்காரன் மீது வழக்குப் போடுவதை எந்த நாட்டிலும் காணலாம். வேலையை விட்டுப் போனவனைச் சிறையில் இடுவது தோட்டத்துக்குக் கிடைத்த தனிப் பெருமை. இதற்கு மேல் "துண்டு" என்றொரு சீட்டு. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தொகையைக் கட்டிய துரை ஆட்களைத் தன் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். மனிதருக்குப் பெயர் துண்டு, விலையும் துண்டு. இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அத்தகைய சட்டத்தின் கீழே, வாயைத் திறந்தவன் அடுத்த மலைக்குக்கூடப் போக முடியாத காலத்தில், பொறுமையைவிடச் சிறந்த சாமர்த்தியம் வேறென்ன இருந்தது? அந்தப் பொறுமையைக் கோழைத்தனம் என்று பழிக்கும் இளைஞர், அந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பழிக்கட்டும்.

ஆனால் பெரியவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. 1921ஆம் ஆண்டு எப்போதோ போய்விட்டது. நோய் போன பிறகும் மருந்தைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவது ஏன்?

கோ. நடேசய்யரை இங்குள்ள பெரியவர்கள் பெயரளவிலாவது அறிவீர்கள். புடைவை வியாபாரியைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து ஆட்களின் நிலையைக் கண்டறிந்தவர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை இதே அட்டனில் தொடங்கியவர். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தாமே பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். ஒரு பெண் மேடையேறிப் பாடுவதா என்று அக்காலத்தில் முகஞ்சுளித்தவர் இல்லையென்று நாம் நம்பத் தயாராக இல்லை. அப்போது தோட்டத்தில் "பெரியவர்" என்று மதிக்கப்பட்டவர் யார்? பெரிய கங்காணி. தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, நாலு பேருக்குப் புத்தி சொல்லி, துரையிடம் பரிந்து பேசி வந்தவர். "சங்கம் என்று திரியாதீர்கள், கெட்டுப்போவீர்கள்" என்பதுதான் அவருடைய ஞானம். அந்த ஞானத்தைக் கேட்காத பிள்ளைகள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அதற்குப் பின்னும் சங்கம் அழியவில்லை, வளர்ந்தது. இன்று சங்கத்தின் மூத்தவர் என்று மதிக்கப்படுகின்றவர்கள், பெரியவர் சொல்லைக் கேளாதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். கீழ்ப்படியாமை இந்தச் சங்கத்துக்குப் பரம்பரைச் சொத்து. அதைப் பேரன் கேட்டால் "இல்லை" என்று சொல்ல எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

இனி நமது தொழிலுக்கு நெருங்கிய விடயத்துக்கு வருவோம். இதில் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. (நாமும் பொறுக்கத்தான் சொல்கிறோம்.)

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குச் சென்றார்கள். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம், வந்தது. அச்சட்டம் கேட்டது என்ன? நீ இங்கே பிறந்தாய் என்பது போதாது. உன் தந்தை இங்கே பிறந்தார் என்று காட்டு. இல்லையேல் தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் இங்கே பிறந்தனர் என்று காட்டு. கொழும்பில் மாளிகை கட்டி வாழ்ந்தவர்களில் எத்தனை பேரால் பாட்டன் பிறந்ததற்குச் சீட்டுக் காட்ட முடிந்திருக்கும்? ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவர்களிடம்தான் கேட்டார்கள்.

இங்கேதான் அறிவு பற்றிய முழு வழக்கும் நிற்கிறது. தோட்டத்துக் கிழவிக்குத் தன் பாட்டன் பிறந்த கதை தெரியும். எந்த மலையில், எந்தத் துரை காலத்தில், மழை எத்தனை நாள் பெய்தபோது பிறந்தார் என்று சொல்வாள். அவ்வறிவு வாயில் இருந்தது. சட்டம் அதைக் காகிதத்தில் கேட்டது. வாயில் இருந்ததைச் சட்டம் அறிவென்று ஒப்பவில்லை. அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. விவாகமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்பிருந்தே, இடைவிடாது இங்கு வாழ்ந்தனர் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளல்லாதாரைத் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் நமது மக்களின் குரல் பாராளுமன்றத்தில் அற்றுப்போயிற்று.

அன்றைய தலைவர்கள் மூத்தவர்கள், படித்தவர்கள், சிறை சென்றவர்கள். அவர்கள் என்ன முடிவு செய்தார்கள்? விண்ணப்பிப்பதே அவமானம், இந்தச் சட்டத்தைப் புறக்கணிப்போம் என்றார்கள். தன்மானத்தின் முடிவுதான். ஆனால் விண்ணப்பிக்கக் கொடுத்த தவணையோ இரண்டே ஆண்டு, 1951 ஆகஸ்டோடு முடிவது. மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னபோது பெரும் பகுதிக் காலம் கழிந்துவிட்டது. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. புறக்கணிப்புத்தான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. மனுக்களைத் தள்ளுவதற்கென்றே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆண்டின் இறுதியில் கொடுத்தாலும் தொடக்கத்தில் கொடுத்தாலும் ஒன்றுதான். எனினும் மூத்தவர் முடிவும் தவறலாம் என்பதற்கு, நாம் பெரிதும் மதிக்கும் மூத்தவர்களிடமிருந்தே எடுத்துக்காட்டு வேண்டும் என்பவருக்கு இதைத் தருகிறோம்.

அக்காலத்தில் கோடாக்கன்பிள்ளை என்னும் ஒருவர் தம் பெயரைத் தேருநர் இடாப்பில் சேர்க்கும்படி வழக்காடினார். ருவான்வெல்லைத் தொகுதி. இடாப்பைத் திருத்தும் அதிகாரி, இந்தச் சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானவை என்று கூறி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் தள்ளியது. சட்டம் படித்தவர்களுள் உலகத்திலேயே பேரறிஞர் என்று கருதப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த மன்றம் அது. ஓர் இனத்தைப் பெயர் சொல்லி ஒதுக்காமல், அந்த இனத்தாரால் மாத்திரம் காட்ட முடியாத காகிதத்தைக் கேட்டால் அது பாகுபாடு ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். லயத்துக் கிழவி இதைக் கேட்டிருந்தால் அரை நொடியில் குட்டை உடைத்திருப்பாள். ஆகவே இளந்தோழர்களே, படித்த தலை எல்லாம் தெளிந்த தலை என்று எண்ணிவிடாதீர்கள். நாம் சட்டம் படித்தே இதைச் சொல்கிறோம்.

இப்போது ஒரு சிறு சம்பவம். பெயரும் தோட்டமும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் தம் பேரனோடு நம்மிடம் வந்தார். ஊழியர் சேமலாப நிதி எடுக்க வேண்டும். செக்ரோலில் ஒரு பேர். அடையாள அட்டையில் வேறு பேர். பிறந்த பதிவில் பேரே இல்லை, "பெண்" என்று மாத்திரம். இருவரும் ஒருவரே என்று காட்ட ஏதேனும் பழைய சீட்டு உண்டா என்று கேட்டோம். அம்மையார் பேரனைப் பார்த்தார். பேரன் தரையைப் பார்த்தார். நடந்தது இதுதான்: அம்மையாரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அவருடைய மாமனார் மண்டபம் முகாம் வழியாக வந்தபோது கிடைத்த சீட்டு முதல், 1951இல் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதில், தோட்டம் மாறியபோது கொடுத்த கடிதம், சங்கச் சந்தாச் சீட்டு, சேமலாப நிதி அட்டை வரை எல்லாம் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. அம்மையாருக்கு ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. தீபாவளிக்கு முன் காம்பராவுக்கு வெள்ளை அடித்தபோது, உயர்தரம் தேறிய பேரன் அந்தப் பெட்டியைத் திறந்து, கரையான் அரித்த குப்பை என்று அடுப்பில் போட்டுவிட்டார்.

படிக்கத் தெரியாதவர் அறுபது ஆண்டு காத்த காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் எரித்தார். பேரன் கெட்டவர் அல்லர், நல்ல பிள்ளை. அன்று நம் அறையில் அழுதவர் அவர்தான், பாட்டி அழவில்லை. சத்தியக் கடதாசிகள் முடித்து, அதே லயத்தில் இருந்த மூன்று முதியவர்களைச் சாட்சிக்குக் கூட்டி வந்து, காரியாலயத்துக்குக் காரியாலயம் நடந்து, இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்துப் பணம் வந்தது. சாட்சிக்கு வந்த மூவரில் ஒருவர் பணம் வருமுன்னே காலமானார். இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இந்தப் பெட்டிகளை நீங்கள் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மரக்கறியைக்கூட இப்படி எடை பார்க்காமல் பிரிப்பதில்லை. பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்த 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவருக்கும் அவர் வழிவந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. 1948இல் தொடங்கிய நாடற்றவர் கதை முடிய ஐம்பத்தைந்து ஆண்டு சென்றது. அந்தக் கதை முழுவதிலும் கேள்வி ஒன்றே: "அந்தத் திகதியில் நீ எங்கே இருந்தாய்?" விடை யாரிடம் இருந்தது? பெட்டியிலும் பாட்டியிடமும்.

இளைஞர் பக்கத்தையும் பேச வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பள்ளிக்கூடங்களில், ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்த்த இடங்களில், அறிவு பிறக்குமென்று எந்தத் துரையும் எண்ணவில்லை. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பிள்ளை வெளியே நின்றது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கு முன்பே, 1960களில், இங்கே அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் மாணவரிடையே ஓர் உணர்ச்சியை ஊட்டினார்கள். "இந்தியத் தமிழர்", "தோட்டக்காட்டார்" என்று பிறர் இட்ட பெயர்களை விட்டு "மலையகம்" என்று தம்மை அழைத்துக்கொள்ளும் துணிவு அத்தலைமுறையில் வேரூன்றியது. அப்போதும் பெரியவர்கள், "பேர் மாற்றினால் சோறு வருமா?" என்று கேட்டிருப்பார்கள். சோறு வரவில்லை. ஆனால் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்த தலைதான் பின்னர் சோற்றையும் கேட்டது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமா? 2018 அக்டோபரில், கொழும்புக் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள், நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டுமென்று கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். எந்தச் சங்கமும் பஸ் அமர்த்தவில்லை; எந்தத் தலைவரும் மாலை ஏற்கவில்லை. கையிலிருந்த தொலைபேசியால் கூடினார்கள். தாயும் தந்தையும் மலையில் படும் பாட்டைத் தலைநகரின் நடுவே கொண்டுபோய் வைத்தார்கள். அதைப் பார்த்து நமது கண் கலங்கியது உண்மை.

ஆனால் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2019 சனவரியில் கூட்டு ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ரூபா ஆயிற்று என்று வெடி கொளுத்தினார்கள். பழைய ஒப்பந்தத்தில் வரவுப்படி முதலிய கொடுப்பனவுகளோடு சேர்த்து 730 ரூபா. புதியதில் எல்லாம் சேர்த்து 750 ரூபா. எல்லாக் கொடுப்பனவும் பெற்று வந்தவருக்கு உயர்ந்தது இருபது ரூபா. காலிமுகத்திடலில் நின்ற ஆயிரக்கணக்கானவருள் ஒருவரேனும் ஒப்பந்த மேசையில் இருந்தாரா? இல்லை. ஏன்? சங்கத்தில் உறுப்பினராக இல்லை. தோட்டத்தில் பேர் இல்லை. ஒரு நாள் கூடினார்கள். மறுநாள் கடை திறக்க வேண்டும் என்று போய்விட்டார்கள். போனதைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வயிறுண்டு. ஆனால் திடலை நிரப்பும் அறிவு வேறு, மேசையில் இருபது மாதம் உட்கார்ந்திருக்கும் அறிவு வேறு. பின்னது பெரியவர்களிடம் இருந்தது. அவர்களோ கணக்கை வாசித்துப் பார்க்கவில்லை, அல்லது வாசித்தும் வாய் திறக்கவில்லை. கணக்கு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வெளியே நின்றார்கள். இருபது ரூபா எப்படி வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபா வரப்போகிறது என்றபோது, நாம் ஒரு தோட்டத்தில் இரவு கூட்டம் வைத்துச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். இளைஞர்கள் கை தட்டினார்கள். பின் வரிசையில் ஓய்வு பெற்ற ஓர் அம்மா, "சம்பளம் கூடினால் கிலோவும் கூடும், தம்பி. அதற்கு என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அன்று நம்மிடம் விடை இல்லை. வர்த்தமானியின் ஒவ்வொரு வரியும் நமக்குத் தெரியும்; அந்த ஒரு வரி அதில் இல்லை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின; தோட்டந்தோறும் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவைப் பற்றிய சண்டை தொடங்கியது. எடை குறைந்தால் அரைப்பேர். அந்த அம்மா எந்தக் கல்லூரியில் இதைப் படித்தார்? கொழுந்து மடுவத்துத் தராசின் முன் நாற்பது ஆண்டு நின்று படித்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பெரியவர், பெரியவர் என்று நாம் பேசும்போதெல்லாம் உங்கள் கண்ணில் நிற்பவர் வேட்டி கட்டிய தோட்டத் தலைவர்தான். மலையில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தேயிலை வாழ்வதும் சங்கம் வாழ்வதும் அவர்களுடைய விரல் நுனியில். 1927இல் குறைந்த சம்பளச் சட்டம் வந்தபோது ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலை என்றுதான் தொடங்கினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின்பே வந்தது. இருந்தும் இன்று இந்த மேடையில் பெண் எத்தனை பேர்? நாம் எண்ணிப் பார்த்தோம். எண்ணுவதற்கு ஒரு விரல் போதுமாயிருந்தது. முதியோர் அறிவை இளையோர் மதிக்கவில்லை என்று குறைப்படும் தலைவர்கள், தம் வீட்டு மூதாட்டியின் அறிவைத் தாம் மதித்தார்களா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறோம்.

மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை பெரிய கங்காணி வீட்டுப் பேரன்; ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர்; 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஏழு பேருள் ஒருவர். அவர் என்ன செய்தார்? லயங்களில் பாடப்பட்ட பாடல்களைத் தேடித் தேடி எழுதிவைத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைப் பழிக்கும் பாட்டும் அவர் ஏட்டில் ஏறியதால்தான் இன்று நமது பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் அவற்றை ஆராய்கிறார்கள். வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதியிருக்கலாம். இப்போது நூலகத்தில் போய்ப் படிக்கிறார்கள். அதுவும் நன்றே.

கவ்வாத்து வெட்டும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். வெட்டுவதற்குச் சில வாரம் முன் கொழுந்து எடுப்பதை நிறுத்தி மரத்தை ஆறவிட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், "மரம் தாங்காது" என்பார்கள். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வேரை வெட்டி அயடின் தடவி, மாச்சத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்து அதே முடிவுக்கு வருகிறார்கள். காரணம் தெரிந்தவருக்குக் கை வராது. கை வந்தவருக்குக் காரணம் சொல்ல வராது. ஆனால் மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனிச் சென்ற மாதத்து விடயம். காணி. ஏழு பேர்ச் என்றும் பத்துப் பேர்ச் என்றும் அரசாங்கங்கள் மாறி மாறிச் சொன்னவை உங்களுக்குத் தெரியும். அன்று ஒரு பெரியவர், "மூன்று தலைமுறையாக இருக்கிறோம், நம்மை யார் எழுப்ப முடியும்?" என்றாராம். இதில் பெரியவருக்கு நாம் நயம் பேச மாட்டோம். அது தவறு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பத்து ஆண்டு தடையின்றி எதிருரிமையாக ஆண்டவருக்குக் காணி உரித்தாகும் என்கிறது, மெய்தான். ஆனால் அரசுக்கு எதிராக அச்சட்டம் ஓடாது. தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் உரியவை. 1992இல் கம்பனிகளிடம் போனது ஐம்பத்து மூன்று ஆண்டுக் குத்தகைதான். அதற்கு மேல், வேலைக்காக அனுமதியோடு குடியிருப்பவரின் இருப்பு எதிருரிமை ஆகாது. நூறு ஆண்டு இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது விருந்தாளியின் இருப்பு. இது நீதியா என்று கேட்டால், இல்லை. சட்டமா என்று கேட்டால், ஆம். ஆகையால் உறுதி வேண்டும், உறுதியில் பெயர் வேண்டும், மனைவியின் பெயரும் வேண்டும் என்று சொன்ன இளைஞர் சரியாகவே சொன்னார்.

ஆனால் அதே இளைஞர் தள்ளிவிட்ட பெரியவருக்கு வேறொன்று தெரிந்திருந்தது. புதிய வீடுகளுக்கென்று காட்டிய இடம் முன்பு நீர் ஊறும் சரிவு. பழைய துரை காலத்தில் அங்கே லயம் கட்டாமல் விட்டதற்குக் காரணம் உண்டு என்றாராம். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே 2005இலும் 2011இலும் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் எச்சரித்திருந்தார்கள். படித்தவர் எச்சரிக்கை காகிதத்தில் கிடந்தது. மக்களை நகர்த்த ஆளில்லை. இங்கே முதியவர் எச்சரிக்கை காகிதத்தில்கூட ஏறவில்லை. காணி உறுதி கையில் வந்து, வீடு சரிவில் போனால், அந்த உறுதியை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது?

ஆதலால் அன்று கலைந்த கூட்டத்தை இன்றே மீண்டும் கூட்டுங்கள். தீர்மானத்தை இளைஞர் எழுதட்டும். எழுதுமுன் அந்தச் சரிவுக்குப் பெரியவரோடு நடந்து போய், அவர் காட்டும் ஊற்றைப் படமெடுத்து, மண்ணைச் சோதிக்கக் கோரும் மனுவோடு இணைக்கட்டும். மனுவில் முதல் கையொப்பம் பெரியவருடையது, கைநாட்டாயினும் சரி. கூட்டு ஒப்பந்தமோ வர்த்தமானியோ எது வந்தாலும், பிரட்டுக் களத்தில் உரத்து வாசித்துக் கணக்குச் சொன்ன பிறகே சங்கம் கருத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி செய்யுங்கள். வாசிப்பவர் இளைஞராக இருக்கட்டும். கேள்வி கேட்கும் முதல் உரிமை அந்தப் பின் வரிசை அம்மாவுக்கு இருக்கட்டும்.

பெட்டிகளைப் பற்றி: அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் நாமும் இரண்டு இளம் சட்டத்தரணிகளும் ஒரு சமாதான நீதவானும் இருப்போம். தகரப் பெட்டியோ துணி முடிச்சோ, எதுவாயினும் திறக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். சுமந்து வருவது பேரன் பொறுப்பு. எந்தச் சீட்டு யாருடையது, எந்த ஆண்டு என்று பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுத வேண்டும். நகல் எடுக்கும் செலவு சங்கத்தினுடையது. கரையான் அரித்ததையும் கொண்டுவாருங்கள். எதை எறிவது என்பதை அன்றைக்கு முடிவு செய்வோம். அதுவரையில் யாரும் காம்பராவுக்கு வெள்ளை அடிக்க வேண்டாம்.